காந்தத்தில் மூன்று கோடு

என்னை ஓரமாக உட்காரச் சொன்னார்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் என்ன தெரியும்? நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய், ஆட்டிச் சோதிக்கிற மேடைக்குப் பக்கத்திலேயே போட்டேன்.

"ஐயா, மேடை ஆடும்போது பக்கத்துல யாரும் காலைத் தட்டக்கூடாது. அதுவும் கணக்குல சேர்ந்துடும்," என்றார் பரிசோதகர். மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். ஐம்பது வயதுக்குள் இருக்கும்.

"செருப்பை வெளியிலேயே விட்டுட்டேன். கல்லு மாதிரி உக்காந்திருப்பேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க தம்பி."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டார்.

ஜன்னல் இல்லாத அறை அது. ஏசி குளிர் முழங்காலைப் பிடித்தது. நடுவில் ஒரு கருங்கல் பாளம். தரையின் நடுக்கம் மேலே ஏறாமல் இருக்க அதற்கு அடியில் ரப்பர் கட்டைகள். பாளத்தின் மேல் சின்ன டிரம் மாதிரி ஒரு ஆட்டுமேடை. பக்கத்து மேசையில், பிளாஸ்டிக் பைக்குள் அந்தச் சென்சார் கிடந்தது. என் கட்டைவிரல் தடிமன்தான். சாம்பல் நிற எஃகு உடம்பு, தலையில் ஒயர் மாட்டுகிற வாய், அடியில் மரை போட்ட ஓட்டை. இவ்வளவுதான். இந்தச் சுண்டைக்காய் சரியான நேரத்தில் கத்தியிருந்தால் என் மகன் உயிரோடு இருந்திருப்பான்.

மேடைக்கு அந்தப் பக்கம் என் மகள் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டு, மடியில் இரண்டு கையும். அவளோடு நான் பேசி ஒரு மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது. அவளும் என்னிடம் பேசவில்லை. பேசினால்தானே நான் பதில் சொல்லாமல் இருக்கிறேன் என்று தெரியும், அந்த வாய்ப்பைக்கூட அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

விஷயம் இதுதான். மகன் ஒரு தொழிற்சாலையில் ப்ளோயர் ஓட்டும் வேலையில் இருந்தான். ப்ளோயர் என்றால் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற காற்றூதி. அதன் பேரிங் மேல் இந்தச் சென்சார் உட்கார்ந்திருக்கும். பேரிங் எவ்வளவு அதிர்கிறது என்று கண்ட்ரோல் அறைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் மணி அடித்து மெஷினே நின்றுவிடும். அந்தச் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் கூடத்தில் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள் என் மகள். அக்கா சரிபார்ப்பாள், தம்பி மாட்டுவான். எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "ஏண்டா, என் பிள்ளையைப் பத்திரமா வெச்சிருக்கியா?" என்று அவள் கேட்பாள். "உன் பிள்ளை ஒரு அழுமூஞ்சி. சும்மா சும்மா கத்துது," என்பான் அவன்.

பிறகு ஒரு நாள் பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டு, தண்டு முறிந்து, உள்ளே சுற்றுகிற இறக்கை கூட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. என் மகன் பக்கத்தில் நின்றிருந்தான். இதற்கு மேல் எழுத மாட்டேன். அடையாளம் காட்டப் போனவன் நான்தான்.

மணி அடிக்கவில்லை. கடைசி நிமிஷம் வரைக்கும் சென்சார் 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்கு வேறு யாரைப் பற்றியும் நினைக்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தேன். மகள் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் கையெழுத்துப் போட்டுத்தானே அனுப்பினே? உன் பெட்டி பொய் சொல்லிடுச்சு. உன் தம்பியைக் கொன்னுடுச்சு," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "மறுபடி சோதிக்கச் சொல்றேன்ப்பா," என்று மட்டும் சொன்னாள். அந்த வாரமே துணிமணியைக் கட்டிக்கொண்டு, வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துப் போய்விட்டாள். என் மனைவி குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அவளோடு போனில் பேசுவாள். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காதாம். எனக்குக் கேட்கத்தான் இல்லை. ஆனால் தண்ணீர் எதற்காக ஓடுகிறது என்று தெரியாதா?

மறுசோதனையை அவள் வேலை பார்க்கிற கூடத்தில் வைக்கக் கூடாது என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். வேறு இடத்தில், வேறு ஆள் செய்யணும், நானும் பக்கத்தில் இருப்பேன் என்றேன். தொழிற்சாலை சார்பில் மகனுடைய சூப்பர்வைசர் வந்திருந்தார். புதுச் சட்டை, தூக்கம் கெட்ட முகம். ஆக மொத்தம் அறையில் நாங்கள் நாலு பேர்.

பரிசோதகர் ஆட்டுமேடையின் தலையில் ஏற்கெனவே ஒரு சென்சாரைப் பொருத்தியிருந்தார். அதன் மேல்தான் நம்முடையதை வைக்கப் போகிறார்.

"கீழ இருக்கிறது என்ன?" என்றேன்.

"அது ரெஃபரன்ஸ் ஐயா. தாய்னு வெச்சுக்குங்க. அது சரின்னு ஏற்கெனவே தெரியும். ரெண்டையும் முதுகோட முதுகு ஒட்டி, ஒரே ஆட்டு ஆட்டுவோம். தாய் சொல்றதையே பிள்ளையும் சொல்லுதான்னு பாப்போம்."

"தாய் சரின்னு யாரு சொன்னது?"

"பெரிய லேப்ல பாத்துச் சொன்னாங்க."

"பெரிய லேப் சரின்னு?"

"அவங்க ஒளிக்கதிரை வெச்சு அளக்கறாங்க."

"அந்தக் கதிர் சரியா இருக்குன்னு யாரு பாத்தது?"

"அதுக்கு மேல நீங்கதான் போய்ப் பாத்துட்டு வந்து எங்களுக்குச் சொல்லணும்."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தம்பி இருந்திருந்தால் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்திருப்பான், ஒரு மாசத்துக்கு எல்லாரிடமும் சொல்லிக் காட்டியிருப்பான். அந்த நினைப்பு அவளுக்கும் அப்போதே வந்திருக்க வேண்டும். குனிந்த தலை நிமிரவில்லை.

பரிசோதகர் சென்சாரின் அடியைச் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தார். ஒரு பொட்டு எண்ணெய் வைத்தார். மரையாணியைப் போட்டுக் கையால் முறுக்கி, பிறகு 'டிக்' என்று சத்தம் கொடுக்கிற ஸ்பேனரால் அளந்து இறுக்கினார். ஒயரை டேப் போட்டு ஒட்டினார். ஒயர் ஆடினால் அதுவே ஒரு பொய் அதிர்வைக் கிளப்புமாம். ஒன்றும் குறை சொல்ல முடியவில்லை. குறை சொல்லத்தான் போயிருந்தேன்.

பொத்தானை அழுத்தினார். முதலில் பழைய மின்விசிறி மாதிரி ஒரு முனகல். பிறகு வண்டு. பிறகு பிரஷர் ஏறின குக்கர் விசில். பிறகு ஒன்றுமில்லை.

"நின்னுடுச்சா?"

"ஓடிட்டுதான் இருக்கு ஐயா. உங்க காதுக்கு எட்டாத சத்தம்."

மகளைப் பார்த்தேன். புருவத்தைச் சுருக்கியிருந்தாள். அவளுக்குக் கேட்கிறது. லாரி ஒர்க்‌ஷாப்பில் சுத்தியல் சத்தத்திலேயே வாழ்க்கையை ஓட்டினவன் நான். மேல் சத்தமெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது. திரையில் இரண்டு கோடுகள் ஓடின. தாய்க்கு நீலம், பிள்ளைக்குச் சிவப்பு. கடைசி வரைக்கும் ஒன்றின் மேல் ஒன்றாகவே படுத்திருந்தன. எது நீலம், எது சிவப்பு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சென்சார் சரியா இருக்கு. இவங்க போன தடவை கொடுத்த அளவுக்கும் இப்ப வந்ததுக்கும் நூத்துல ஒரு பங்குகூட வித்தியாசம் இல்ல. அவ்வளவு பெரிய விபத்துல மாட்டியும் இது அசையல."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பெற்ற மகள் மேல் பழி இல்லை என்று சொல்லிவிட்டார். நானோ நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"அப்ப என் பையன் எப்படிச் செத்தான்? சென்சார் நல்ல சென்சார். இவ நல்லவ. நீங்க நல்லவரு. இந்தச் சட்டைக்காரரும் நல்லவரு. மெஷின் மட்டும் தானா வெடிச்சுதா?"

"ஐயா, என்னை சென்சாரைத்தான் பாக்கச் சொன்னாங்க..."

"எல்லாம் ஒரே கூட்டம். இங்க ஏசி ரூம்ல, கருங்கல்லு மேல வெச்சு, எண்ணெய்ப் பொட்டு வெச்சு, பூ மாதிரி முறுக்கிப் பாத்தா எவனும்தான் உண்மை சொல்லுவான். அங்க எப்படி மாட்டியிருந்துச்சோ அப்படி வெச்சுக் காட்டுங்க."

"வேண்டாம்ப்பா."

என் மகள்தான். அத்தனை நாள் கழித்து என்னிடம் சொன்ன முதல் சொல். அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"ஏன் வேண்டாம்?"

"அதான் சரியா இருக்குன்னு தெரிஞ்சு போச்சே. போலாம்ப்பா. ப்ளீஸ்."

வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான் அப்படியே வளர்ந்தவன். "எடுங்க தம்பி," என்றேன்.

பரிசோதகர் மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு பையை எடுத்தார். "இது விபத்து நடந்த இடத்துல சென்சாரோட ஒட்டிக்கிட்டு இருந்தது. அங்க மரையாணியில முறுக்கல. காந்தம் வெச்சு ஒட்டியிருக்காங்க," என்று பையைக் கவிழ்த்தார். வட்டமான, கனமான காந்தம் ஒன்று மேசையில் விழுந்து, பக்கத்தில் இருந்த ஸ்பேனரில் போய் 'டப்' என்று ஒட்டிக்கொண்டது.

அதன் விளிம்பில் மூன்று கோடு இருந்தது. அரத்தால் இழுத்த கோடு. நடுக்கோடு மட்டும் கொஞ்சம் நீளம்.

நான் யாரையும் நம்பி எதையும் வைத்ததில்லை. ஒர்க்‌ஷாப்பில் என் ஸ்பேனர், என் சுத்தி, என் ஜாக்கிக் கம்பி எல்லாவற்றுக்கும் மூன்று கோடு போட்டு வைத்திருந்தேன். எவனாவது தூக்கிக்கொண்டு போனால் அவன் பெட்டியிலிருந்தே எடுத்து முகத்துக்கு நேரே காட்டலாம். வேலையை விட்டு வந்த பிறகு பொழுது போகாமல் வீட்டுச் சாமானுக்கும் போட்டேன். கரண்டிக்குக்கூட. "எனக்கும் முதுகுல மூணு கோடு போட்டுடுங்க, யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறான்," என்பாள் என் மனைவி. "உன்னை எவன் தூக்குவான், இடுப்பு பிடிச்சுக்கும்," என்பேன்.

அந்தக் காந்தம் என் கைவிளக்கின் அடிப்பாகம். லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது சட்டத்தில் ஒட்டி வைத்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும். காந்தத்தின் நடுவில் மரை போட்ட ஓட்டை, விளக்குக் கம்பி அதில் உட்காரும். போன கோடையில் அந்த விளக்கைக் காணவில்லை. வீட்டைத் தலைகீழாக்கினேன். "பழைய இரும்புக்காரன் வந்தான், துருப்பிடிச்சுக் கிடந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்," என்றாள் என் மனைவி. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொண்டாள். மகன் கதவுக்குப் பக்கத்தில் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அம்மா திட்டு வாங்குகிறாளே என்று பாவப்படுகிறான் என்றுதான் நினைத்தேன்.

அதே வாரமோ அடுத்த வாரமோ, சாப்பிடும்போது சொன்னான். "அந்தக் கத்துற ப்ளோயர் இருக்குல்லப்பா, என் கை பட்டுச்சு, அடங்கிடுச்சு. இப்ப பூனைக்குட்டி மாதிரி இருக்கு." அவன் அக்கா, "என்னடா பண்ணினே?" என்று கேட்டாள். "தொழில் ரகசியம்," என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். "கைராசிடா உனக்கு," என்று நான் சொன்னேன். நான் வாய் திறந்து அவனைப் பாராட்டியது அபூர்வம். அவன் காது சிவந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பரிசோதகருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் பாட்டுக்கு வேலையைச் செய்தார். ஆட்டுமேடையின் மேல் பெயின்ட் அடித்த ஒரு இரும்புத் தட்டை முறுக்கினார். ப்ளோயர் கூட்டில் இருந்த அதே தடிமனுக்குப் பெயின்ட் என்றார். அதன் மேல் காந்தம், காந்தத்தின் மேல் சென்சார். பொத்தானை அழுத்தினார்.

முனகல் வரைக்கும் இரண்டு கோடும் ஒன்றாகவே போயின. வண்டு வரைக்கும்கூடப் போயின. விசில் ஏறினபோது சிவப்பு ஒரு துள்ளுத் துள்ளியது, பிறகு விழுந்தது. நீலம் மேலேயே போய்க்கொண்டிருக்க, சிவப்பு கீழே, கீழே, திரையின் அடிக்கே போய்ப் படுத்துக்கொண்டது.

"பெயின்ட்டு மேல காந்தம் சரியா பிடிக்காது ஐயா. கீழ்ச் சத்தம் வரும். மேல் சத்தம் சென்சாருக்குப் போய்ச் சேராது. பேரிங் கெட ஆரம்பிச்சா முதல்ல மாறுறது அந்த மேல் சத்தம்தான்."

என்னைப் போலவே செவிடு ஆகிவிட்டது. சென்சார் பொய் சொல்லவில்லை. அதற்குக் கேட்கவில்லை.

"இந்தக் காந்தம் உங்க ஸ்டோர்ல இருந்து கொடுத்ததா?" என்று பரிசோதகர் சூப்பர்வைசரைக் கேட்டார்.

"எங்க ஸ்டோர்ல இந்த மாதிரி கிடையாது சார். சென்சாரோட சேர்ந்து லேப்ல இருந்துதான் வந்திருக்கணும்." அவர் என் மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். தன் தலைக்கு மேல் தொங்கின கத்தி எப்படியோ இன்னொருத்தர் தலைக்கு நகர்ந்தால் போதும் என்ற அவசரம் அந்தக் குரலில் இருந்தது.

பரிசோதகர் திரும்பினார். "நீங்க கொடுத்தீங்களாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க. இப்படி ஒரு காந்தத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தா, இனிமே உங்க கையெழுத்துச் செல்லாது. இந்தத் தொழில்லயே இருக்க முடியாது."

என் மகள் காந்தத்தைப் பார்த்தாள். அந்த மூன்று கோட்டை அவள் பார்க்கவில்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். அந்தக் கோடு போட்ட கரண்டியில் சாப்பிட்டு வளர்ந்தவள் அவள்.

"கொடுத்திருக்கலாம் சார்," என்றாள். "நான்தான் கொடுத்திருப்பேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மண்டையில் ஏற அவ்வளவு நேரம் ஆயிற்று. அன்றைக்கு வீட்டில் வாயைத் திறந்து மூடிக்கொண்டாளே, அப்போதே இவளுக்குத் தெரியும். என் வாயிலிருந்து வந்த அத்தனையையும் தெரிந்தே வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

நான் பேசாமல் இருந்தால் இருக்கிற பிள்ளை போகும். பேசினால், போன பிள்ளையின் பேர் போகும். சூப்பர்வைசர் பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தார். யோசிக்க நேரம் கொடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"அது என்னுது," என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"என் கைவிளக்குக் காந்தம். மூணு கோடு போட்டிருக்கேன் பாருங்க, நடுக்கோடு நீளம். வீட்டுக்கு வந்தீங்கன்னா இதே கோடு போட்ட சாமான் நூறு காட்டறேன். என் பையன்தான் எடுத்துட்டுப் போயிருக்கான். இவ கொடுக்கல. இவளுக்குப் பொய் சொல்ல வராது, பாருங்க, எப்படி முழிக்கிறான்னு."

"அப்பா!"

"நீ சும்மா இரு."

சூப்பர்வைசர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "பேரிங் மாத்தினப்ப, சென்சார் முறுக்குற ஓட்டையில மரை போயிடுச்சுங்க," என்றார் மெதுவாக. "புதுசா மரை போடணும்னா ப்ளோயரை மறுபடி நிறுத்தணும். மேல இருந்து ஓட்டு ஓட்டுன்னு நெருக்கறாங்க. உங்க பையன்தான் நான் பாத்துக்கிறேன் சார்னு சொன்னான். சொன்ன மாதிரியே மாட்டிட்டான். கத்தறதும் நின்னுடுச்சு. புது பேரிங் நல்லா உக்காந்துடுச்சுன்னு நினைச்சோம்."

"அவன் பாத்துக்கிறேன்னு சொன்னான். நீ பாத்தியா?"

அவர் தலை இல்லை என்று ஆடியது. மகனைத் திட்ட எனக்கு நிறைய இருந்தது. நாக்கு எழவில்லை. கெட்ட புத்தியில் செய்திருந்தால்கூடக் கோபப்படலாம். வேலை நிற்கக் கூடாது என்று, வீட்டில் சும்மா கிடந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என் பிள்ளை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருக்கிறான். நானும் கைராசி என்றேன்.

பரிசோதகர் எழுந்து, ஆட்டுமேடையின் சுவிட்சை அணைத்தார். அதுவரைக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரியாது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் என் செருப்பை எடுத்து வந்து காலடியில் போட்டாள். வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன்.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"முதல் நாளே. ஃபேக்டரியில அந்தப் பையைக் காட்டினப்பவே கோட்டைப் பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவனைத் திட்டுவீங்க."

"செத்தவனைப் போய்த் திட்டுவனா?"

"திட்ட மாட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். திட்டியிருப்பேன். அவன் படத்துக்கு முன்னால் நின்றே திட்டியிருப்பேன்.

"என்னைத் திட்டினா நான் இருக்கேன், தாங்கிக்குவேன்," என்றாள். "அவன் இல்லையேப்பா. 'எனக்குத் தெரியாதுப்பா, நல்லதுக்குத்தான் பண்ணினேன்'னு சொல்லக்கூட அவன் இல்லையே." கைக்குட்டையை எடுத்தாள், துடைக்கவில்லை, மடித்தாள், பிரித்தாள். "அன்னிக்கு என்னடா பண்ணினேன்னு ஒரு தடவை கேட்டேன். இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பான். காந்தம் வெச்சேன்னு அவன் சொல்லியிருந்தா, அங்கேயே தலையில குட்டியிருப்பேன். ஒரே ஒரு தடவை."

பஸ் ஒன்று வந்தது. எங்கள் பஸ் இல்லை. போனது.

"அம்மா..." என்றாள்.

"ம்."

"அம்மாதானே விளக்கைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்னு சொன்னாங்க."

"தெரியும்."

"காந்தம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாப் போதும்ப்பா. அம்மா உடனே கணக்குப் போட்டுடுவாங்க. அன்னிக்கு அவனைக் காட்டிக் கொடுத்திருந்தா நீங்க பிடுங்கி வெச்சிருப்பீங்க. அவன் கையில காந்தமே இருந்திருக்காது."

அவள் சொல்லும் வரைக்கும் நான் அவ்வளவு தூரம் போகவில்லை. என்னிடமிருந்து அவனைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள் என் மனைவி. இவளும் அதையேதான் செய்தாள். என் வீட்டில் எல்லாரும் என்னிடமிருந்து அவனை ஒளித்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பொருளுக்கெல்லாம் கோடு போட்டு எனக்கு என்ன தெரிந்தது?

"வீட்டுக்கு வா," என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் ஈரத்துணி. மகளைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு, அவள் தோளை, கையை, கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "எலும்பும் தோலுமா ஆயிட்டியேடி," என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"என்னங்க சொன்னாங்க?"

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"சென்சார்தான் கோளாறு. இவ அனுப்பும்போது நல்லாத்தான் இருந்திருக்கு. அங்க எவனோ கீழே போட்டிருக்கான். கீழே விழுந்துட்டா அதுக்குப் புத்தி மாறிடுமாம். அதுக்கப்புறம் சொன்னது பூராவும் பொய்."

மகள் என்னைப் பார்த்தாள். நூற்றில் ஒரு பங்குகூட மாறாத சென்சார் அது. அவள் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்த சென்சார். வீட்டில் எங்கள் நாலு பேரில் யாரும் உண்மை சொல்லாதபோதும் உண்மையே சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா," என்றாள். "கீழே விழுந்தா அப்படித்தான் ஆகும்."

"இவ மேல தப்பு இல்லைல்ல?"

"இல்ல."

"என் பிள்ளை மேலயும்..."

"அவன் மேல ஒரு தூசுகூட இல்ல."

என் மனைவி பெருமூச்சு விட்டாள். குனிந்து ஈரத்துணியை எடுத்து, பிழிய ஒன்றுமில்லாததைப் பிழிந்தாள். "எவன் கீழே போட்டானோ, அந்தப் பாவி," என்றாள். "அவன் நல்லா இருப்பானா? அவன் கை விளங்குமா?"

மகள் குனிந்து என் செருப்பை ஓரமாக எடுத்து வைத்தாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். என் மனைவி கரண்டியைக் கையில் எடுத்தாள். காம்பில் மூன்று கோடு. என் கண் அதிலேயே நின்றுவிட்டது. அவள் என் பார்வையைத் தொடர்ந்து கீழே பார்க்கப் போனாள்.

"நீ உக்காரும்மா, நான் போடறேன்," என்று மகள் எழுந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

எனக்குப் போட்டாள், அம்மாவுக்குப் போட்டாள். சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் காம்பின் மேல் வைத்த கட்டைவிரலை அவள் எடுக்கவில்லை.